பிளஸ் டூ இயற்பியல்: திருப்புதல் நேரத்துக் கேள்விகள்

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளிலிருந்து சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் இருக்கும் குறியீடுகளை இங்கே சொற்களாகவே எழுதியிருக்கிறோம். நோட்டில் எழுதும்போது நீங்கள் குறியீட்டையே எழுதுங்கள்.

பதினொரு அலகுகளின் சூத்திரங்களையும் ஒரே நோட்டில் எழுதி வைத்து தினமும் வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. கணக்கைப் பார்த்ததும் எந்தச் சூத்திரம் என்றே தெரியவில்லை. என்ன செய்வது? (மாணவி, திண்டுக்கல்)

உங்கள் நோட்டில் சூத்திரம் இருக்கிறது, அது எப்போது செல்லும் என்பது இல்லை. கணக்கு கேட்பது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

மின்தேக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிக்கப்படும் ஆற்றலுக்கு மூன்று வடிவங்கள் மனப்பாடமாக இருக்கும்: மின்னூட்டம் × மின்னழுத்தம் ÷ 2, மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ 2, மின்னூட்டத்தின் வர்க்கம் ÷ (2 × மின்தேக்குத்திறன்). மூன்றும் ஒன்றுதான். ஆனால் தட்டுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளை நுழைத்தால் ஆற்றல் கூடுமா, குறையுமா என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பேட்டரி இணைப்பில் இருக்கிறதா, கழற்றியாகிவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கழற்றிவிட்டால் மின்னூட்டம் மாறாது, அதனால் மூன்றாவது வடிவம். இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மாறாது, அதனால் இரண்டாவது வடிவம்.

எண்களோடு பாருங்கள். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 20 வோல்ட். மின்னூட்டம் 200 மைக்ரோகூலும், ஆற்றல் 2 மில்லிஜூல். மின்காப்பு மாறிலி 5 உள்ள பொருளை நுழைக்கிறோம். பேட்டரியைக் கழற்றிய பிறகு என்றால் மின்னழுத்தம் 4 வோல்ட்டாகும், ஆற்றல் 0.4 மில்லிஜூலாகக் குறையும். இணைப்பிலேயே இருந்தால் மின்னூட்டம் 1000 மைக்ரோகூலும், ஆற்றல் 10 மில்லிஜூல். அதே மின்தேக்கி, அதே பொருள், விடைகளுக்கு இடையே 25 மடங்கு வித்தியாசம். நோட்டில் சூத்திரத்துக்குப் பக்கத்தில் "பேட்டரி?" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும்.

நிலைமின்னியலில் தனித்தனியாகப் படிப்பதைவிட ஒன்றோடொன்று வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு வரிசை உண்டு. தொலைவு கூடும்போது மின்புலம் எப்படிக் குறைகிறது? புள்ளி மின்துகளுக்குத் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இருமுனைக்கு மும்மடிக்கு எதிர்விகிதம். மிக நீளமான மின்னூட்டம் பெற்ற கம்பிக்குத் தொலைவுக்கு மட்டும் எதிர்விகிதம். முடிவிலாப் பரப்புள்ள தகட்டுக்குத் தொலைவைச் சார்ந்ததே இல்லை. மின்னழுத்தத்தில் புள்ளி மின்துகளுக்குத் தொலைவுக்கும், இருமுனைக்கு அதன் வர்க்கத்துக்கும் எதிர்விகிதம். இதோடு மின்னூட்டம் பெற்ற உள்ளீடற்ற கோளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே மின்புலம் சுழி, ஆனால் மின்னழுத்தம் சுழி அல்ல. பரப்பில் என்ன மதிப்போ அதுவே உள்ளேயும். ஒன் மார்க்கில் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

இனி வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அலகு. நோட்டை மூடி வைத்து வெள்ளைத் தாளில் அந்த அலகின் சூத்திரங்கள், ஒவ்வொன்றின் அளவீட்டு அலகு, நிபந்தனை மூன்றையும் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து தப்பானதையும் விட்டதையும் சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள் காலையில் சிவப்பை மட்டும் மறுபடி எழுதினால் போதும், முழு அலகும் வேண்டாம்.

ஆடி, லென்ஸ் கணக்குகளில் எண் சரியாக வருகிறது, குறி மட்டும் மாறிவிடுகிறது. (மாணவர், கரூர்)

தெரியாத மதிப்புக்கும் நீங்களே குறி போட்டுவிடுவதால் வரும் தொல்லை இது. இல்லையென்றால், தெரிந்த மதிப்புகளுக்குக் குறியே போடாமல் நேரடியாகப் பிரதியிட்டிருப்பீர்கள். விதி சின்னது: ஒளி இடமிருந்து வலமாகப் போகிறது என்று படம் வரையுங்கள். ஆடியின் முனையிலிருந்தோ லென்ஸின் மையத்திலிருந்தோ அளக்க வேண்டும். ஒளி போகும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. தெரிந்த இரண்டுக்கு மட்டும் குறி. மூன்றாவதன் குறியைக் கணக்கே சொல்லும்.

குவியத்தூரம் 15 செ.மீ. உள்ள குழியாடி, அதன் முன்னால் 10 செ.மீ.யில் பொருள். குவியத்தூரம் −15, பொருளின் தூரம் −10. ஆடிச் சமன்பாட்டில் போட்டால், பிம்பத் தூரத்தின் தலைகீழ் = −1/15 + 1/10 = 1/30. பிம்பம் +30 செ.மீ., அதாவது ஆடிக்குப் பின்னால், மாய பிம்பம். உருப்பெருக்கம் = −(30) ÷ (−10) = +3, நேரான பிம்பம். குறியே போடாமல் 15, 10 என்று பிரதியிட்டிருந்தால் −30 வந்திருக்கும். எண் அதே 30தான், ஆனால் "பிம்பம் ஆடிக்கு முன்னால், மெய் பிம்பம்" என்று எழுதிவிடுவீர்கள். குவியத்துக்கும் ஆடிக்கும் நடுவே வைத்த பொருளுக்குக் குழியாடி மெய் பிம்பம் தராது என்பது கதிர்ப்படத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் கணக்குக்கு முன்னால் இரண்டு கதிர் வரைந்துவிடுங்கள் என்கிறோம்.

லென்ஸுக்குப் போகும்போது இரண்டு மாற்றங்கள். சமன்பாட்டின் நடுவில் கூட்டல் போய்க் கழித்தல் வரும். உருப்பெருக்கச் சூத்திரத்தில் முன்னால் இருந்த எதிர்க்குறி போய்விடும். குவியத்தூரம் 10 செ.மீ. குவிலென்ஸ், பொருள் 15 செ.மீ.யில் இருந்தால் பிம்பம் +30 செ.மீ., உருப்பெருக்கம் −2, மெய், தலைகீழ். லென்ஸில் நேர்க்குறி வந்தால் மெய் பிம்பம், ஆடியில் நேர்க்குறி வந்தால் மாய பிம்பம். இந்த ஒரு வரியைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று. லென்ஸைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒன் மார்க்கிலும் வரும், மூன்று மார்க்கிலும் வரும். ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு 1.5, தண்ணீருக்கு 4/3. காற்றில் (1.5 − 1) = 0.5. தண்ணீரில் (1.5 ÷ 4/3) − 1 = 0.125. எனவே குவியத்தூரம் நான்கு மடங்காகும். (1.5 − 4/3) என்று கழித்துவிட்டு மூன்று மடங்கு என்று எழுதுபவர்கள்தான் அதிகம். ஒளிவிலகல் எண்களை வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது.

ஐந்து மார்க் தருவித்தல்களை மனப்பாடம் செய்கிறேன். நடுவில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பிறகு எல்லாமே போய்விடுகிறது. (மாணவி, நாகர்கோவில்)

ஒவ்வொரு தருவித்தலிலும் உண்மையில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு திருப்பம்தான். மற்றவை இயற்கணிதம். அரைப் பக்கத்தில் நான்கு வரி எழுதிப் பழகுங்கள்: படம், தொடங்கும் விதி, திருப்பம், முடிவும் அதன் நிபந்தனையும்.

இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் என்ற தருவித்தலைப் பார்ப்போம். நடுப்புள்ளியிலிருந்து தொலைவு 'ஆர்', இரண்டு மின்துகள்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி 'ஏ'. தொடங்கும் விதி கூலும். நேர் மின்துகள் (ஆர் − ஏ) தொலைவில், எதிர் மின்துகள் (ஆர் + ஏ) தொலைவில். இரண்டு மின்புலங்களும் எதிரெதிர்த் திசையில் என்பதால் கழிக்கிறோம்: 1/(ஆர் − ஏ)² − 1/(ஆர் + ஏ)². பொதுப் பகுதி எடுத்தால் மேலே 4 × ஆர் × ஏ, கீழே (ஆர்² − ஏ²)². இதுதான் திருப்பம். இதற்குப் பிறகுதான் 'ஆர்' மிகப் பெரியது என்று சொல்லிக் கீழே உள்ள ஏ²-ஐ விட வேண்டும். அவசரப்பட்டுக் கழிப்பதற்கு முன்பே 'ஏ'-வை விட்டுவிட்டால் இரண்டும் சமமாகி விடை சுழியாகிவிடும். தருவித்தல் பாதியில் நின்றுபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். முடிவில் திருப்புத்திறனின் இரு மடங்கு ÷ ஆர்³, அதோடு கூலும் மாறிலி. திசை, திருப்புத்திறனின் திசையே. நடுவரைக்கோட்டில் இதில் பாதி, திசை எதிர். அச்சுக்கோட்டு விடை நடுவரைக்கோட்டு விடையைப் போல இரண்டு மடங்கா என்று பார்த்தால் இரண்டு தருவித்தல்களும் ஒரே நேரத்தில் சரிபார்க்கப்பட்டுவிடும்.

மற்றவற்றின் திருப்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நீண்ட நேர்க்கடத்திக்குப் பயட்-சாவர்ட் விதி: தொலைவில் இருக்கும் மாறியைக் கோணத்துக்கு மாற்றுவது. லென்ஸ் உருவாக்குவோர் சமன்பாடு: முதல் பரப்பு தரும் பிம்பமே இரண்டாம் பரப்புக்குப் பொருள். முப்பட்டகம்: சிறும திசைமாற்றத்தில் படுகோணமும் வெளியேறு கோணமும் சமம். யங் இரட்டைப் பிளவு: கோணம் மிகச் சிறியது என்பதால் சைனும் டேனும் ஒன்றே. போர் அணு மாதிரி: கோண உந்தம் குறிப்பிட்ட மடங்குகளில் மட்டுமே இருக்கும்.

எழுதும்போது நடு வரி மறந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். படம், விதி, முடிவு, நிபந்தனை நான்கையும் எழுதி, நடுவில் இரண்டு அங்குலம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். விடைத்தாள் படிகளாகத்தான் திருத்தப்படுகிறது.

கால்குலேட்டர் இல்லாமல் பத்தின் அடுக்குகளோடு மல்லாடுகிறேன். சுலபமான வழி உண்டா? (மாணவர், செங்கல்பட்டு)

எண்களைத் தனியாக, அடுக்குகளைத் தனியாக எழுதுங்கள். ஒரே வரியில் இரண்டையும் கலந்து எழுதும்போதுதான் ஓர் எதிர்க்குறி காணாமல் போகிறது.

1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம். கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ எலக்ட்ரான்கள். இழுப்புத் திசைவேகம் என்ன? கீழ்ப்பகுதியில் எண்கள்: 8.5 × 1.6 = 13.6. அடுக்குகள்: 28 − 19 − 6 = 3. எனவே கீழே 13.6 × 10³, விடை சுமார் 7.4 × 10⁻⁵ மீட்டர்/நொடி. நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே தவறு நடக்கும் இடம் அந்த −6. மி.மீ. என்றால் 10⁻³ என்ற பழக்கத்தில் சதுர மி.மீ.க்கும் 10⁻³ என்று போட்டால் விடை 1000 மடங்கு குறைந்துவிடும். சதுர செ.மீ. 10⁻⁴, சதுர மி.மீ. 10⁻⁶, கன செ.மீ. 10⁻⁶. தேர்வு அறையில் யோசிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல இவை. வினாத்தாள் கையில் வரும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் சில எண்கள் கைவசம் இருந்தால் வேலை பாதியாகும். அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால், ஃபோட்டானின் ஆற்றல் = 1240 ÷ அலைநீளம், விடை எலக்ட்ரான் வோல்ட்டில். 400 நானோமீட்டர் என்றால் 3.1. உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2.1 எலக்ட்ரான் வோல்ட் என்றால் பெரும இயக்க ஆற்றல் 1, நிறுத்து மின்னழுத்தம் 1 வோல்ட். எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் = 12.27 ÷ மின்னழுத்தத்தின் வர்க்கமூலம், விடை ஆங்ஸ்ட்ராமில். 100 வோல்ட்டுக்கு 1.227. ஆனால் பொதுத்தேர்வில் விரிவாக எழுத வேண்டிய கணக்கில் 1240-ஐ மட்டும் எழுதி விடை சொல்லாதீர்கள். சூத்திரம், பிரதியிடல், விடை என்று முறையாக எழுதிவிட்டு, சரிபார்க்க மட்டும் 1240-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுதிசை மின்னோட்டத்தில் எது முந்தும், எது பின்தங்கும் என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். (மாணவர், தஞ்சாவூர்)

மின்தூண்டி மாற்றத்தை எதிர்க்கும், எனவே அதில் மின்னோட்டம் தாமதமாகும்: மின்னழுத்தத்தைவிடக் கால் சுற்று பின்தங்கும். மின்தேக்கியில் முதலில் மின்னோட்டம் பாய்ந்தால்தான் தட்டுகளில் மின்னழுத்தம் உருவாகும், எனவே மின்னோட்டம் கால் சுற்று முந்தும். இதைச் சரிபார்க்க அதிர்வெண்ணைச் சுழியாக்கிப் பாருங்கள். நேர்த்திசை மின்னோட்டத்துக்கு மின்தேக்கி திறந்த சுற்று, மின்தூண்டி வெறும் கம்பி. மின்தூண்டியின் மறுப்பு அதிர்வெண்ணோடு கூடும், மின்தேக்கியின் மறுப்பு குறையும் என்பது இதிலிருந்தே வந்துவிடும்.

பெரிய தவறு வேறிடத்தில் இருக்கிறது. மின்தடை 40 ஓம், மின்தூண்டி 60 ஓம், மின்தேக்கி 30 ஓம் தொடராக இருந்தால் மொத்தம் 130 என்றோ, 40 + 30 = 70 என்றோ எழுதுகிறார்கள். 60-லிருந்து 30 போக 30. 40-இன் வர்க்கமும் 30-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 50 ஓம். திறன் காரணி 40 ÷ 50 = 0.8. மின்தூண்டிப் பக்கம் கனமாக இருப்பதால் மின்னோட்டம் பின்தங்கும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஒத்ததிர்வுக்கு ஒரு நல்ல பயிற்சிக் கணக்கு: 0.1 ஹென்றி, 100 மைக்ரோஃபாரட். பெருக்கினால் 10⁻⁵, அதன் வர்க்கமூலம் 3.16 × 10⁻³. ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் மின்தூண்டியின் மறுப்பு 31.4 ஓம், மின்தேக்கியின் மறுப்பு 31.8 ஓம் என்று தனித்தனியாகவும் போட்டுப் பாருங்கள், ஒத்ததிர்வு என்றால் என்னவென்று கண்ணுக்குத் தெரியும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். (பயனுறு) மதிப்பு, பெரும மதிப்பு சுமார் 325 வோல்ட். கேள்வியில் எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் பிரதியிடாதீர்கள்.

மின்காந்த அலைகள், அண்மைக்கால வளர்ச்சிகள் இரண்டையும் விட்டுவிடலாமா? (மாணவி, வேலூர்)

வேண்டாம். பாடத்திலேயே குறைந்த உழைப்பில் மதிப்பெண் தரும் இடங்கள் அவை. மின்காந்த அலைகளில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம், மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகள், நிறமாலையின் வரிசையும் பயன்களும். கடைசி அலகை இரண்டு முறை நிதானமாக வாசித்தால் போதும்.

ஒளிமின் விளைவு வரைபடங்களில் எதைப் பார்க்க வேண்டும்? (மாணவர், ராமநாதபுரம்)

எந்த வரைபடமானாலும் முதலில் இரண்டு அச்சுகளிலும் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். வளைகோட்டை மனப்பாடம் செய்தவர்கள் அச்சை மாற்றிக் கொடுத்தால் விழுந்துவிடுகிறார்கள். ஒளிச்செறிவைக் கூட்டினால் தெவிட்டிய மின்னோட்டம் கூடும், நிறுத்து மின்னழுத்தம் அசையாது. அதிர்வெண்ணைக் கூட்டினால் நிறுத்து மின்னழுத்தம் கூடும். நிறுத்து மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் வரையும் நேர்க்கோட்டின் சாய்வு, பிளாங்க் மாறிலி ÷ எலக்ட்ரான் மின்னூட்டம். உலோகம் மாறினாலும் சாய்வு மாறாது, கோடுகள் இணையாக நகரும். அதிர்வெண் அச்சை வெட்டும் இடம் பயன்தொடக்க அதிர்வெண்.

பள்ளித் தேர்வில் என் மகன் ஐந்து மார்க் கேள்விகளிலேயே நேரத்தைத் தீர்த்துவிட்டு வருகிறான். எப்படிப் பிரித்துக்கொள்ளச் சொல்வது? (தாய், ஈரோடு)

எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு மார்க் 15 கேள்விகள். இரண்டு மார்க்கில் ஒன்பதில் ஆறு. மூன்று மார்க்கிலும் ஒன்பதில் ஆறு. ஐந்து மார்க்கில் 'அல்லது' வைத்து ஐந்து. 24, 33 இரண்டும் கட்டாயக் கேள்விகள், பெரும்பாலும் கணக்குகள். ஒரு மார்க்குக்கு 15 நிமிடம், இரண்டு மார்க்குக்கு 25, மூன்று மார்க்குக்கு 40, ஐந்து மார்க்குக்கு ஒவ்வொன்றும் 15 வீதம் 75. மொத்தம் 155 நிமிடம், மிச்சம் 25 நிமிடம். கணக்குகளின் அலகு, குறி, அடுக்கு மூன்றையும் அந்த மிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் முழுத்தாள் எழுதிப் பார்க்க நேரமில்லையென்றால், ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டினால் அவர் தேவைக்கு மேல் எழுதுகிறார் என்று அர்த்தம்.

நீட் தேர்வுக்கும் இதே திருப்புதல் போதுமா? (மாணவி, சென்னை)

பிளஸ் டூ பகுதிக்குச் சூத்திரத் தாள் போதும், பயிற்சி போதாது. நீட்டில் இயற்பியல் 45 கேள்விகள், பிளஸ் ஒன் பாடமும் சேர்த்து. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு −1. 180 கேள்விக்கு 180 நிமிடம் என்பதால் தருவித்தல் கைகொடுக்காது, விகிதம்தான் கைகொடுக்கும். உதாரணமாக, அரை ஆயுட்காலம் 10 நாள் உள்ள பொருள் 30 நாளில் எட்டில் ஒரு பங்காகும் என்று சூத்திரமே எழுதாமல் சொல்ல வேண்டும். அதையே "சராசரி ஆயுட்காலம் 10 நாள்" என்று கொடுத்துவிட்டால் அரை ஆயுட்காலம் 6.93 நாள் என்று உடனே மாற்றத் தெரிய வேண்டும். நான்கு விடைகளில் அலகு பொருந்தாததை முதலில் அடித்துவிடுவதும் பழகிக்கொள்ள வேண்டியது.

விடைக்கு அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் குறையுமா? (மாணவர், தூத்துக்குடி)

குறையும். அதனால் விடையைக் கட்டம் கட்டுவதற்கு முன் அலகை எழுதுங்கள். ஒளிவிலகல் எண், உருப்பெருக்கம், திறன் காரணி, மின்காப்பு மாறிலி, மின்மாற்றியின் சுற்றுகளின் விகிதம் ஆகியவற்றுக்கு அலகு கிடையாது. பழக்கதோஷத்தில் எதையாவது எழுதிவிட்டால் அதுவும் பிழைதான்.